மூன்றாவது நோட்டு

ஏர்வாடி
14-2-1999

திரு. பால்சாமி அவர்களுக்கு,

அத்தான்னு எழுதி, அடிச்சுட்டு, மேலே உள்ளபடி எழுதியிருக்கேன். அடிச்சது ஒங்க கண்ணுல படணும்னுதான் வேற தாள் எடுக்கலை.

ஒங்க கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. எனக்கு வரலை. கடலாடி வீட்டுக்கு, அண்ணன் உக்கிரபாண்டி பேருக்கு வந்துருக்கு. அவன் வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி ஏர்வாடி வந்து, "இந்தா, படிச்சுக்கோ"ன்னு கையில குடுத்துட்டுப் போனான். இரக்கத்துல குடுத்தானா, எகத்தாளத்துல குடுத்தானான்னு தெரியலை. மணமகள் ராமலெட்சுமி எம்.ஏ., மாசி பன்னெண்டு, மதுரை. நல்ல அச்சு.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி நடந்தத ஞாபகப்படுத்துறேன். ஒங்களுக்கு மறந்துருக்கும். எனக்குப் பன்னெண்டு வயசுல பருத்திக் காட்டுல மொத வலிப்பு வந்துச்சு. பத்தாவது படிக்கையில பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாக்க விழுந்தேன். அதோட படிப்பு நின்னுச்சு. நீங்க அப்ப மதுரையில புள்ளியியல் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. லீவுக்கு வந்தப்ப ஒரு நூறு பக்க நோட்டும் ஒரு கைக்கடிகாரமும் கொண்டாந்து குடுத்தீங்க.

"சேது, ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, எத்தனை நிமிசம், பெரிசா சின்னதா, வர்றதுக்கு முன்னாடி என்ன தோணுச்சு, எல்லாத்தையும் எழுது. இத வச்சு அடுத்தது எப்ப வரும்னு கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சுட்டு ஒன்னையக் கட்டிக்கிறேன்"னு சொன்னீங்க. எங்கம்மா பக்கத்துல நின்னுச்சு.

எங்கம்மா ராக்கு, அதாவது ஒங்க சொந்த அத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவ. நான் விழுந்து கெடக்கையில ஒரு கையில என் தலையத் தாங்கிக்கிட்டு மறு கையில அந்தக் கடிகாரத்தப் புடிச்சுக்கிட்டு இருப்பா. பெரிய முள்ளு எங்க நின்னுச்சு, எங்க போயிருச்சுன்னு விரலால காட்டுவா. நான் தெளிஞ்சு எந்திரிச்சு எழுதுவேன். இப்படி ரெண்டு நோட்டு. அம்மா செத்தபிறகு மூணாவது நோட்டு. மூணும் ஒங்ககிட்ட இருக்கு.

கல்யாணம் பண்ணுங்க, வேணாங்கலை. மூணு நோட்டையும் ஒரு வாரத்துல அனுப்பிவைங்க. ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அத எழுதக்கூட ஒங்களுக்குக் கை வராதுன்னா, ஒங்களப் பத்தி நான் நெனைக்கிறதுதான் சரின்னு வச்சுக்கிறேன்.

சேதுலட்சுமி


சென்னை
3-3-1999

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கல்யாணத்துக்கு முந்தின நாள் கிடைத்தது. இன்றுதான் பதில் எழுத முடிந்தது. நீ திட்டியிருக்கலாம். திட்டாமல் எழுதியதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வரி கேட்டிருக்கிறாய். எனக்கு ஒரு வரியில் சொல்ல வராது. உன் நோட்டுகளை வைத்து நான் என்ன கண்டுபிடித்தேன் என்று சொன்னால்தான் உனக்குப் புரியும்.

மூளை ஒரு பெரிய பாதை வலை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் கூட்டம்தான், அதற்கு அது பழகிவிட்டது. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு வந்த ஜனமெல்லாம் ஒரே நேரத்தில் ஊர் திரும்பினால் முதலில் திணறுவது நாலு பஸ் மட்டும் நிற்கிற ஏதோ ஒரு சின்ன முக்கு. அங்கே அடைத்தால் அடுத்த முக்கும் அடைக்கும். பெரிய வலிப்பு என்பது அப்படி ஒரு அளவு மீறிய அடைப்பு. அபூர்வமாக வருவது. அபூர்வமாக வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு, இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று. பதினோரு வருஷத்துக்கு ஒரே மனுஷியுடைய கணக்கு உலகத்தில் வேறு யாரிடமும் இவ்வளவு ஒழுங்காக இல்லை. என் ஆய்வேட்டின் உயிரே அதுதான்.

முதல் இரண்டு நோட்டிலும் பெரிய வலிப்புகளுக்கு ஒரு நிதானமான இடைவெளி இருக்கிறது. மூன்றாவது நோட்டில், 1996 ஆடியிலிருந்து, எல்லாம் மாறிவிடுகிறது. வெகுநாள் ஒன்றுமில்லாமல் இருந்து திடீரென்று வருகிறது, முன்னைவிடப் பலமாக வருகிறது. அத்தை இறந்த அதிர்ச்சியில் உன் மூளையின் வலையே மாறிப்போயிருக்கிறது, சேது. ஒரே ஆளுக்குள் அப்படி மாறும் என்று எண்களால் முதலில் காட்டியது நான்தான். ஒரு கட்டுரை அச்சாகியும் விட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் என் கணக்கை வைத்து நோயாளிகளுக்கு யோசனை சொல்லப்போகிறார்கள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பிள்ளை பெறுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ நடப்பது, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே பெண் பார்த்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

போன கார்த்திகையில் நான் எழுதியதை மறந்துவிடாதே. பெரியது ஒன்று வந்துபோனால் அடுத்த நாற்பது நாளைக்கு இன்னொன்று வர வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நாட்களில் நீ தைரியமாக வெளியே போகலாம், அடுப்படி வேலை செய்யலாம். என்னால் உனக்குக் கிடைத்த ஒரு நன்மை அதாவது இருக்கட்டும்.

நோட்டுகளை ஆகஸ்ட் மாதம் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அனுப்புகிறேன். பரீட்சகர்கள் மூலத்தைப் பார்க்கக் கேட்பார்கள்.

பால்சாமி


ஏர்வாடி
20-3-1999

திரு. பால்சாமி அவர்களுக்கு,

ஒங்க கடுதாசிய நாலு தடவை படிச்சேன். மூணாவது தடவை சிரிச்சேன். சல்மா "என்னடி தன்னால சிரிக்கிற"ன்னு கேட்டா. நான் இருக்குற வீட்டுக்காரவுக மக அவ.

எங்கம்மா செத்ததுல என் மூளை மாறிப்போச்சுன்னு நாலு பேர் படிக்கிற மாதிரி அச்சுப்போட்டுட்டீங்க. செத்தவளையும் விடலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல, "சேது, அப்ப ஒனக்கு என்னாச்சு"ன்னு? கார்டு போட்டா மூணாம் நாள் இங்கன வந்துரும்.

கேக்காததுனால இப்பச் சொல்றேன். மூணாவது நோட்டுல உள்ள ஒண்ணும் எனக்கு நடந்ததில்ல. ஆடியிலருந்து ஒரு வரிகூட. அத வச்சு நீங்க டாக்டர் பட்டம் வாங்குங்க.

சேதுலட்சுமி


சென்னை
2-4-1999

சேது,

உன் கோபம் புரிகிறது. ஆனால் கோபத்தில் சொல்கிற பொய்யை எண்கள் ஒத்துக்கொள்ளாது.

இட்டுக்கட்டி எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். நீயே உட்கார்ந்து இருபது தேதி கற்பனையாக எழுதிப்பார். பத்து நாள், பன்னிரண்டு நாள், ஒன்பது நாள் என்று பரப்பிப் பரப்பித்தான் போடுவாய். அறுபத்தெட்டு நாள் ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டு ஆறு நாளுக்குள் இரண்டு பெரியதைப் போட யாருக்கும் தோன்றாது. மூன்றாவது நோட்டு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் எல்லாச் சோதனையும் மறுபடி செய்தேன். அது உண்மையான வலிப்பு. நிஜமாகத் தரையில் விழுந்த ஒரு உடம்பின் கணக்கு.

என்னைப் பழிவாங்க நீ உன்னுடைய கஷ்டத்தையே பொய் என்கிறாய். அப்படிச் செய்யாதே. உனக்குத்தான் கேவலம்.

பால்சாமி


ஏர்வாடி
25-4-1999

திரு. பால்சாமி அவர்களுக்கு,

சோதனை சரியாத்தான் சொல்லியிருக்கு. நிஜமா விழுந்த ஒடம்புதான். என் ஒடம்பு இல்ல.

93-ல எங்கய்யா, ஒங்க மாமா, என்னைய ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டியாந்து நாப்பது நாள் தங்கவச்சாரு. தங்குனது சல்மா வீட்டுல. அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே வலிப்பு. அம்மா செத்தபிறகு மதினிக்கு நான் வீட்டுல இருக்குறது பிடிக்கலை. இங்கனயே வந்துட்டேன். ரெண்டு பேரும் ஜாக்கெட் தைக்கிறோம். அவ துணி வெட்டுவா, நான் மெசின் மிதிப்பேன்.

அம்மா காரியம் முடிஞ்ச கையோட அண்ணன் என்னைய மதுரையில ஒரு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனான். மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. ஆனியில ஒண்ணு வந்துச்சு. அதுதான் கடைசி. இன்னைக்கு வரைக்கும் எனக்கு வலிப்பு இல்ல. கேட்டுச்சா? ரெண்டு வருசம் பத்து மாசமா இல்ல.

அப்பவே ஒங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த ஆடி மாசம் எழுதுறதுக்கு ஒண்ணுமில்லாம வெறும் கடுதாசி போட்டேன். நீங்க பதில் போட்டீங்க: "இந்த மாதம் ஏன் விவரம் வரவில்லை? தொடர்ச்சி விட்டுப்போனால் எல்லாம் வீண்." நல்லாயிருக்கியான்னு இல்ல. அத்தை இல்லாம எப்படி இருக்கன்னு இல்ல. அந்தக் கார்ட வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வலிப்பு நின்னா ஒங்க கடுதாசியும் நின்னுபோகும்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. வெக்கங்கெட்டவதான் நான். சல்மாவுக்கு வந்தத எனக்கு வந்ததா எழுதுனேன். அவகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுனேன். "எழுதிக்கோடி, என் வலிப்பாச்சும் ஒருத்திக்குக் கல்யாணம் பண்ணி வைக்கட்டும்"னு சிரிச்சா.

ஒரே மூளை மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல? மாறலை. ஆளு மாறிருச்சு. ரெண்டு பொம்பளையச் சேத்துத் தச்ச எடம் அது. அந்தத் தையலத்தான் நீங்க கண்டுபிடிச்சு அச்சுல போட்டுருக்கீங்க.

இன்னொண்ணு. நீங்க பயந்து ஓடுனீங்களே, அது என்னையப் பாத்து இல்ல. சல்மாவப் பாத்து. நான் அப்ப நல்லா இருந்தேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன்.

நீங்க ஆகஸ்டுல பரீட்சைக்குப் போங்க. இது தெரிஞ்சுக்கிட்டே போய் நில்லுங்க. சொல்வீகளோ, மறைப்பீகளோ, ஒங்க இஷ்டம். நான் ஒங்க வாத்தியாருக்கு எழுதுவேனா மாட்டேனான்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் தபால்காரன் வரும்போது ஒங்களுக்கு வயித்தக் கலக்கணும். நான் பதினோரு வருசம் அப்படித்தான் இருந்தேன், அடுத்தது எப்ப வரும்னு தெரியாம. நீங்க இந்த மூணு மாசம் இருந்து பாருங்க.

சேதுலட்சுமி


சென்னை
8-5-1999

சேது,

உன் கடிதம் வந்து பத்து நாளாக நோட்டும் கையுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராமலெட்சுமி என்ன என்று கேட்கிறாள். உன்னைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை.

நீ சொல்வது உண்மை என்று நோட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முதல் இரண்டு நோட்டில் "வர்றதுக்கு முன்னாடி" என்ற இடத்தில் எப்போதும் "இடது கை மரத்துச்சு" என்று இருக்கிறது. மூன்றாவதில் "கரிஞ்ச வாடை." இதை நான் எண்ணாக மாற்றவில்லை, அதனால் பார்க்கவில்லை.

வாத்தியாருக்கு எழுதாதே. காலில் விழுந்து கேட்கிறேன். எட்டு வருஷ உழைப்பு. பட்டம் வந்ததும் மெதுவாக நானே திருத்திவிடுகிறேன். ஒரு வரி பதில் போடு.

பால்சாமி


சென்னை
5-7-1999

சேது,

நீ பதில் போடவில்லை. இது எனக்காக எழுதுகிற கடிதம் இல்லை, அதனால் தயவுசெய்து முழுக்கப் படி.

மூன்றாவது நோட்டை சல்மாவுடையது மட்டும் என்று பிரித்து எண்ணினேன். முப்பத்தொரு பெரிய வலிப்பு. அதில் ஒன்பது தடவை பத்து நாளுக்குள் இன்னொன்று வந்திருக்கிறது. உன் நோட்டில் ஒரு தடவைகூட அப்படி இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்தடுத்து வந்ததை எல்லாம் ஒரே அலையின் பகுதி என்று சேர்த்து ஒன்றாக எண்ணிவிட்டேன். எங்கள் துறையில் அப்படிச் செய்வது வழக்கம். அப்படிச் சேர்த்த பிறகு கிடைத்ததுதான் அந்த நாற்பது நாள். சேர்த்தேன் என்பதை உனக்கு எழுதவில்லை. உனக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அந்த நாற்பதை நீ சல்மாவிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் உடனே மாற்றிச் சொல். அவளுக்கு ஒன்று வந்தால் அதற்குப் பிந்தின பத்து நாள்தான் மிக ஆபத்து. நீ பத்திரம் என்று நினைக்கிற நாள்தான் ஆபத்தான நாள். அவளைத் தனியாக விடாதே. அடுப்புப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ விடாதே.

வாத்தியாருக்கு நீ எழுது, எழுதாமல் இரு. இதை மட்டும் செய்.

பால்சாமி


ராமநாதபுரம், ஆஸ்பத்திரி
26-7-1999

பால்சாமி அவர்களுக்கு,

ஒங்க அஞ்சாந்தேதி கடுதாசி எட்டாந்தேதியே வந்துருச்சு. மேலே ஒங்க கையெழுத்தப் பாத்தேன். பிரிக்கலை. மே மாசம் வந்தது எப்படிப் பிரிக்காம டிரங்குப் பெட்டியில கெடக்கோ, அதுக்கு மேல இதையும் போட்டேன். கெஞ்சட்டும், கெஞ்சிக் கெஞ்சிச் சாகட்டும்னு நெனச்சேன். பெட்டிய மூடையில மனசுக்கு எவ்வளவு குளிச்சியா இருந்துச்சு தெரியுமா?

பதிமூணாந்தேதி சல்மாவுக்குப் பெரிசா வந்துச்சு. பதினாறாந்தேதி அய்யாவுக்குத் திதி, நான் கடலாடி போகணும். போகலை, இருக்கேன்னேன். சல்மாதான் வெரட்டுனா. "மூணு நாள்தான ஆச்சு? ஒன் மச்சான் கணக்குல இன்னும் முப்பத்தேழு நாள் என் கையில இருக்கு. போய் அய்யாவுக்குச் செஞ்சுட்டு வா."

அடுத்தடுத்து அவளுக்கு வந்தத நான் கண்ணால பாத்தவ. நோட்டுல எழுதுனவளே நான்தான். இருந்தும் நாப்பதுன்னு நீங்க எழுதுனதும், பாத்தத விட்டுட்டு எழுதுனத நம்புனோம். படிச்சவுக எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு.

பதினேழாந்தேதி காலையில அவளப் பெத்த உம்மா கறி வாங்கப் போயிருக்காக. சல்மா ஸ்டவ்வுல தேத்தண்ணி போட்டுருக்கா. விழுந்திருக்கா. வலது கை முட்டி வரைக்கும், கழுத்து, தாடை. பக்கத்து வீட்டுக்காரவுக வாடை வந்துதான் ஓடியாந்துருக்காக. உசுருக்கு மோசமில்லன்னு டாக்டர் சொல்றாரு. மூணு விரல் ஒண்ணா ஒட்டிப்போச்சு. கத்திரி புடிக்கிற கை.

துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனப்ப, முந்தாநாள், பெட்டியில ஒங்க கடுதாசி ரெண்டும் இருந்துச்சு. பிரிச்சேன்.

தந்தி குடுத்திருக்கலாம்ல? தந்தின்னா பிரிச்சிருப்பேன். யாரு செத்தாகளோன்னு பிரிச்சிருப்பேன். இவ்வளவு தெரிஞ்சவரு எதுக்குக் கடுதாசிய நம்புனீங்க?

சேதுலட்சுமி


சென்னை
20-8-1999

சேது,

தந்தி கொடுக்கத்தான் தபால் ஆபீஸுக்குப் போனேன். பாரம் வாங்கி "சல்மா நாற்பது நாள் தப்பு" என்று எழுதினேன். வரிசையில் என் கூடப் படிக்கிறவன் ஒருவன் நின்றான். யார் சல்மா, என்ன நாற்பது நாள் என்று கேட்டால் என்ன சொல்வது? பாரத்தைக் கிழித்துவிட்டுக் கடிதமாகப் போட்டேன். இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

பன்னிரண்டாம் தேதி வாய்மொழித் தேர்வு. பரீட்சகர்கள் உட்கார்ந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது நோட்டு வேறொரு பெண்ணுடையது, என் முடிவு தவறு, நான் சொன்ன நாளை நம்பி அந்தப் பெண் நெருப்பில் விழுந்து கிடக்கிறாள் என்று. பிறகு வாத்தியார், "இது உனக்கு எப்போது தெரியும்?" என்றார். "ஏப்ரலில்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. ஏடு போயிற்று, அச்சான கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கும் நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார்கள். விருதுநகரில் ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்க இடம் இருக்கிறது. போகிறேன். ராமலெட்சுமிக்கும் சொல்லிவிட்டேன். அவள் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வருவாளா தெரியாது.

நீ கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. வயிறு நிறைந்ததா?

நான் கோழை. அதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பது என்று எழுதியது என் கை. ஆனால் பிரிக்காத கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாயே, அந்தக் கை உன்னுடையது. நீ எனக்கென்று மூட்டிய நெருப்பு அது. சல்மா மேல் விழுந்தது. இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் சொல்கிறேன், வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

முதல் இரண்டு நோட்டும் உன் பேருக்குப் பதிவுத் தபாலில் வரும். மூன்றாவதை சல்மா பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அது அவளுடையது.

பால்சாமி


ஏர்வாடி
5-11-1999

பால்சாமி அவர்களுக்கு,

ஒங்க கடுதாசிய இந்தத் தடவை வந்த அன்னைக்கே பிரிச்சேன். அப்படியே சல்மாகிட்ட வாசிச்சும் காட்டுனேன், "வயிறு நிறைந்ததா" வரைக்கும், அதுக்கு மேலயும். பெட்டியில போட்டதையும் அன்னைக்குத்தான் சொன்னேன். ஒரு மாசம் அவளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே மறைச்சு வச்சிருந்தேன். நீங்க ஏப்ரல்ல இருந்து மறைச்சதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அவ பதினோரு நாள் என்கூடப் பேசலை. ஒரே வீட்டுக்குள்ள, ஒரே பாயில படுத்துக்கிட்டு. அவ உம்மா, "என்னமா ஒங்களுக்குள்ள"ன்னு கேட்டதுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னோம். பன்னெண்டாம் நாள், "கால் வலிக்குது, அமுக்கு"ன்னா. அவ்வளவுதான்.

நான் ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. டுட்டோரியல்ல நிக்கிறது ஒரு தண்டனையா? ஒங்களுக்கு ரெண்டு கையும் இருக்கு. ஒங்கள நெனச்சா எனக்கு இன்னும் பல்லு நறநறங்குது. அதே பல்ல வச்சு என்னைய நானே கடிச்சுக்கிறேன், அதுவும் உண்மை.

நான் எழுதுறது சல்மா சொல்லித்தான். அவ ஒங்களப் பாக்கணுமாம். எதுக்குன்னு கேட்டேன். "அத அவருகிட்டச் சொல்லிக்கிறேன்"ங்கிறா. தை மாசம் வாங்க. கீழக்கரை வந்து ஏர்வாடி பஸ் ஏறுனா தர்கா முக்குல எறக்கிவிடுவான். டெயிலர் சல்மா வீடுன்னா காட்டுவாக. இப்பவும் அப்படித்தான் சொல்றாக.

நான் ஒங்ககூடப் பேச மாட்டேன்.

சேதுலட்சுமி


விருதுநகர்
2-2-2000

சேது,

நான் வாசலுக்கு வந்ததும் நீ எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டாய். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. சல்மா சொல்லியிருக்கலாம். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். சல்மா கேட்கவே விடவில்லை. உட்காரச் சொன்னாள். தாடையைச் சேலைத் தலைப்பால் மறைக்காமல் நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"முந்தாநாள் எனக்குப் பெரிசா வந்துச்சு. இன்னைக்கு நான் தனியா அடுப்புகிட்டப் போகலாமா?"

நான் பழைய வழக்கத்தில் ஆரம்பித்தேன். "முப்பத்தொரு தடவையில ஒம்பது தடவை..." என்றேன்.

"அதெல்லாம் வேணாம். இன்னைக்கு வருமா, வராதா?"

"அது... வாய்ப்புன்னு பாத்தா..."

"வருமா, வராதா? ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாது," என்றேன். "எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"இத அன்னைக்கே எழுதியிருந்தீங்கன்னா ஒரு கார்டு போதுமேங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு மூன்றாவது நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எனக்கு வரும்போது எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. சேதுகிட்டக் கேட்டா அழுதுருவா. நீங்க வாசிங்க," என்றாள். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். நீ எழுதியதை மாதக்கணக்கில் வைத்திருந்து எண்ணியவன் நான், அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசித்தேன். கண் எந்தப் பக்கம் சொருகியது, எந்தக் கால் முதலில் இழுத்தது, தெளிந்ததும் என்ன பேசினாள், எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்ப எம் பக்கத்துல யாரு இருந்தா?"

நோட்டில் அது எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் "சேது" என்றேன். முப்பத்தொரு தடவை. இருபதுக்கு மேல் நோட்டை மூடப் பார்த்தேன். அவள் விடவில்லை, முடிக்கும்வரை கேட்டாள். அவள் என்னைத் தண்டித்தாளா, உன்னை மன்னித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கலாம்.

ஒன்று கேட்கத் துணிகிறேன். மறுத்துவிடு, பரவாயில்லை. அவள் மறுபடி எழுதப்போவதாகச் சொன்னாள், இடது கையால். அந்தக் கணக்கை இரண்டு பேருடைய பெயரும் போட்டு, ஒன்றோடொன்று சேர்க்காமல், ஒழுங்காகப் பார்க்க ஆசைப்படுகிறேன். உனக்கு எப்போதாவது மறுபடி வந்தால், வரக்கூடாது, வந்தால், தேதியும் நேரமும் மட்டும் எழுதி அனுப்புவாயா?

பால்சாமி


ஏர்வாடி

பால்சாமி அவர்களுக்கு,

ஒங்க கடுதாசி வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் பதில் எழுதுறேன். மேலே தேதி இல்லாதத மறந்துபோய் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க.

சல்மா எழுதுறா. எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. நான் வாசிச்சுச் சரியான்னு கேப்பேன், தலையாட்டுவா. அது அவளோடது. ஒங்களுக்கு அனுப்பணும்னா அவ அனுப்புவா. நான் குறுக்க நிக்க மாட்டேன். துணி வெட்டுறத நான் பழகிட்டேன். அவ பக்கத்துல ஒக்காந்து "இங்கன வளைக்காத, அங்கன வளை"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கோணலா வெட்டுனா திட்டுவா. நல்லாத் திட்டுவா.

ராமலெட்சுமி திரும்பி வந்துட்டாகன்னு அண்ணன் சொன்னான். நல்லா இருங்கன்னு எழுத முயற்சி பண்ணுனேன். வரலை. கெட்டுப்போங்கன்னும் வரலை. ஆத்திரம் அப்படியேதான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி அத ஒங்க பக்கமா மட்டும் திருப்பி வைக்க முடியலை.

நீங்க கேட்டதுக்குப் பதில். எனக்கு மறுபடி வந்துருச்சு. நாலு வருசத்துக்கு மேல இல்லாம இருந்து, ஒரு நாள் வந்துருச்சு. பெரிசு. தைக்கிற மெசின் மேலயே சாஞ்சுட்டேனாம். சல்மா அந்தச் சுருங்குன கைய என் தலைக்கடியில குடுத்துருக்கா. தெளிஞ்சதும், "எழுதணுமா?"ன்னு கேட்டா. வேணாம்னேன்.

எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு, எத்தனை நிமிசம் இருந்துச்சு, முன்னாடி என்ன தோணுச்சு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. இவ்வளவு நீள இடைவெளி ஒங்க கணக்குல வேற எங்கயும் இருக்காதுன்னும் தெரியும். ஒங்களுக்கு அது எவ்வளவு வேணும்னும் தெரியும். தபால் முத்திரையப் பாத்துக் கண்டுபிடிச்சுறலாம்னு நெனைக்காதீங்க, இது நடந்து எத்தனையோ நாள் கழிச்சுத்தான் எழுதுறேன்.

வந்துச்சுங்கிறத மட்டும் சொல்றேன். தேதி சொல்ல மாட்டேன்.

சேதுலட்சுமி